முற்றும் என்று தொடங்கிய புத்தகம்

எங்கள் காலனியில் நாற்பது குடும்பங்கள் ஒரு நாவலைத் தலைகீழாகப் படித்தன. படித்து ரசித்தன, அடுத்தவருக்குச் சிபாரிசு செய்தன, அதற்காகச் சண்டையும் போட்டன. அதற்குக் காரணம் நான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட முடியுமா என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்த கதை இது. நூம்பலுக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில், இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் இருந்தது எங்கள் காலனி. நைனா, அதாவது என் அப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி என்று மண் அடைத்து மோல்டிங் போட்டுக்கொண்டிருந்தார். நானும் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் வாஷர்களை அளவு பார்த்து, சரியில்லாததைத் தனியாகப் பொறுக்கிப் போடுவது என் வேலை. அதாவது, பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

கதை படிப்பது அம்மா ஒருத்திதான். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த பழக்கம் அவளுக்கும் இருந்தது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வாள். அவள் அப்போது படித்துக்கொண்டிருந்தது ஒரு கால யந்திரக் கதை. அது வெளிவந்த பத்திரிகையை எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரே ஒரு கடையில், அதுவும் இரண்டு மூன்று பிரதிகள்தான் தொங்கும். அம்மா சர்ச்சுக்குப் போவதைப்போல ஒரு வாரமும் விடாமல் போய் வாங்கி வருவாள். படித்து முடித்ததும் கதைப் பக்கங்களை மட்டும் பின் கழற்றி எடுத்து, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்குப் பக்கத்தில் அடுக்குவாள். புது அத்தியாயத்தைப் பழைய கட்டின் மேல் வைப்பாள்.

கதை பாதியைத் தாண்டியபோது அம்மாவுக்கு உடம்பு படுத்தியது. பிறகு ஆஸ்பத்திரி. கண்ணைத் திறந்து பேசிய நாட்களில்கூட, "இந்த வாரத்து புக்கு வந்துச்சா? கிழிச்சு பொட்டில மேலாப்பல வையி, வந்து படிச்சுக்கிறேன்" என்றாள். வைத்தேன். அவள் வரவில்லை. அவள் போன பிறகும் நான் வாராவாரம் பூந்தமல்லிக்குப் போய் அந்தப் பத்திரிகையை வாங்கி, கதையில் ஒரு வரிகூடப் படிக்காமல், கிழித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினால் அம்மாவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்ட மாதிரி இருக்கும் என்று எனக்குப் பயம். கடைசியில் கதையும் முடிந்தது, அந்தப் பத்திரிகையும் நின்றுபோனது.

மேலே மேலே அடுக்கிய கட்டில் கடைசி அத்தியாயம் மேலேயும் முதல் அத்தியாயம் அடியிலும் இருக்கும். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பூந்தமல்லி பைண்டரிடம் கொடுத்தேன். அவர் அதை அப்படியே வாங்கித் தைத்து, ஓரங்களை மட்டமாக வெட்டினார். அந்த வெட்டில் தலைப்பில் இருந்த அத்தியாய எண்களும் போயின. பின்னால் நாலைந்து வெள்ளைத் தாள் சேர்த்து, முதுகுக்குச் சிவப்புத் துணி ஒட்டிக் கொடுத்தார்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் செய்த கூத்து புரியாது. ஆசிரியர் எழுதியபடி அது இப்படிப் போகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு ரைஸ்மில் மெக்கானிக், நெல் கொட்டும் பெரிய தொட்டியை வைத்து ஒரு கால யந்திரம் செய்கிறான். மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்து, "சீக்கிரம் வந்துடுங்க" என்கிறாள். அவன் நெம்புகோலை இழுத்துப் பல்லவர் காலத்துக்குப் போகிறான். அங்கே யானைச் சண்டை, கடற்கொள்ளைக்காரர்கள், ஒரு பொல்லாத தளபதி. நடுவில் ஒரு முதலை அவனுடைய இடது கையைத் தின்றுவிடுகிறது. தளபதியைக் கொன்றுவிட்டு ஒற்றைக் கையோடு திரும்பி வந்தால், இங்கே முப்பது வருடம் ஓடியிருக்கிறது. மனைவி செத்துப்போய்விட்டாள். அவள் சமாதியில் உட்கார்ந்து அழுகிறான். முற்றும்.

எங்கள் வீட்டுப் புத்தகத்தில் அவன் எடுத்தவுடன் சமாதியில் உட்கார்ந்து அழுதான். அந்த முதல் அத்தியாயத்தின் கீழேயே 'முற்றும்' என்று போட்டிருந்தது. அடுத்து ஒற்றைக் கையோடு தளபதியைக் கொன்றான். செத்த தளபதி அதற்கடுத்த அத்தியாயத்தில் வந்து மிரட்டினான். ஒரு முதலை வந்த பிறகு நாயகனுக்கு இரண்டு கைகள் இருந்தன. கடைசிப் பக்கத்தில் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்து, "சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். கீழே 'தொடரும்' என்று இருந்தது.

அதுவரை நைனா கதைப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. அம்மா சேர்த்தது என்பதற்காக எடுத்தார். விரலை வரிக்கு வரி நகர்த்தி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் படித்தார். முடித்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, "நல்லா முடிச்சிகீறான்" என்றார். அடுத்த நாள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அம்மா போன ஒரு வருடத்தில் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அப்போதுதான். அந்தப் புத்தகத்தை நான் கும்பிடாத குறை.

மூன்றாவது முறை படித்த பிறகு நைனா அதை ஊருக்கெல்லாம் இரவல் கொடுக்க ஆரம்பித்தார். படித்தவர்கள் பின்னாலிருந்த வெள்ளைத் தாளில் கருத்து எழுதித் தந்தார்கள். ஒன்றிரண்டு எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'வில்லன் செத்தும் திருந்தவில்லை. இதுதான் உலகம்.' 'முதலை வாயிலிருந்து கை திரும்பக் கிடைத்தது தேவ கிருபை.' இது பாஸ்டர் வீட்டம்மா எழுதியது. 'முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகும் புரியவில்லை. ஆனால் அருமை.' ஒருவர் பச்சை மையில், 'ஆசிரியர் நம்மைவிடப் பல வருடம் முன்னால் போய்விட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர்தான். பக்கத்து வீட்டில் இருந்த, லேத் மெஷின் ஓட்டுகிறவர். சினிமா என்றால் உயிரை விடுவார். புத்தகம் என்றால் அவருக்கு ஆகாது. படித்துவிட்டு வந்து வாசலிலேயே நின்று கேட்டார்.

"அண்ணாத்தே, மொத அத்தியாயத்துலயே முற்றும்னு போட்டுகிறான். கடைசில தொடரும்னு போட்டுகிறான். இன்னா கணக்கு இது?"

"அவ செத்துட்டா. அத்தோட அவனுக்கு முற்றும்" என்றார் நைனா. "அப்பால பின்னால போறான், அதனால தொடருது. இதுல இன்னா கொயப்பம்?"

"அதுக்கு ஏன் எல்லாத்தையும் பின்னாலேந்து சொல்லிகினு வரான்?"

"மாமே, கால மெஷினுன்னா பின்னாலதான் போவும். முன்னால போறதுக்கு எதுக்கு மெஷினு? அதான் தானா போய்கினு கீதே."

லேத்துக்காரர் புத்தகத்தை நைனா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு நைனாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆறாம் வகுப்புப் படித்த மனிதர் இத்தனை ஆழமாகக் கதை படிக்கிறாரே என்று கம்பெனியில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

இப்படி நாலைந்து வருடம் போயிற்று. அப்புறம் அந்தக் கதையைப் படமாக எடுத்துவிட்டார்கள். சுவரொட்டியில் கதாசிரியர் பெயரைப் பார்த்ததும் காலனியே கிளம்பிவிட்டது. இரண்டு டெம்போ வைத்துக்கொண்டு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, ஆவடி தியேட்டருக்குப் பகல் காட்சி போனோம். ஏதோ எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி நைனா முன்வரிசைகளில் எல்லோருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார்.

படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மனைவி காப்பி கொண்டுவந்தாள். தியேட்டரில் எங்கள் வரிசை முழுக்க முணுமுணுப்பு. கடைசிக் காட்சியை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டானே என்று பாஸ்டர் வீட்டம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். யானைக்குப் பதில் ஓர் ஒட்டகம் வந்தது. பல்லவ வீரர்கள் நாடகக் கம்பெனியின் பழைய உடுப்பில், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதையெல்லாம் எங்கள் ஆட்கள் மன்னித்துவிட்டார்கள். முதலை கையைத் தின்றபோதுதான் கொதித்துவிட்டார்கள். 'கையக் குடுடா' என்று பின்னாலிருந்து ஒருவர் முதலையைப் பார்த்துக் கத்தினார்.

சமாதிக் காட்சி வந்தது. நாயகன் ஒற்றைக் கையோடு ஓடிவந்து சமாதியில் விழுந்தான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு நான் எழுந்து வெளியே ஓடினேன். நைனா சைக்கிள் ஸ்டாண்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா, முடியறதுக்குள்ள வந்துட்டே?"

"எடுத்தவனுக்கு முடிக்கத் தெரியலமா" என்றார். "நம்ம புக்குதான் கரீட்டு. அதுல அவ கீறா."

டெம்போ கிளம்பும்வரை நானும் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். எனக்குள் எதுவோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசித் தாளுக்குப் பின்பக்கம் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது. அதில் 'சென்ற வாரப் புதிரின் விடை' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் புத்தகத்தில் விடை முதலில் வந்தது. அதற்குரிய புதிர் அடுத்த அத்தியாயத்தில் வந்தது. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முழுப் புத்தகமும் அப்படித்தான். அம்மாவின் கை பெட்டிக்குள் தாளை மேலாக வைப்பது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரம் வாஷரில் ஒரு கோணல் வாஷரைப் பிடிக்கிற எனக்கு இது பிடிபட நாலைந்து வருடமும் ஒரு மட்டமான படமும் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த விடுமுறையில் நைனாவுக்குத் தெரியாமல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். பைண்டர் புரட்டிப் பார்த்தார்.

"பிரிச்சு நேரா தைக்கலாம். அரை நாள் வேலை. அன்னிக்கே சொல்லிருக்கலாம் இல்ல?"

"நீங்க தைக்கும்போது பாத்திருக்கலாம் இல்ல?"

"குடுத்தத தைக்கிறதுதான்மா என் வேலை. கதை படிக்க ஆரம்பிச்சா கடையை மூட வேண்டியதுதான்."

அவர் கத்தியை எடுத்து முதுகுத் துணியில் வைத்தார். நேராகத் தைத்தால் கடைசிப் பக்கத்தில் சமாதி வரும். நைனா விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போய் அங்கே நிற்பார். "வேணாம், குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி செத்தாலும் அவருக்கு இதைச் சொல்வதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

நான் முடிவு செய்து என்ன பயன். அந்த வருடம் காணும் பொங்கல் விழாவுக்குக் காலனிச் சங்கம் ஒரு பட்டிமன்றம் வைத்தது. தலைப்பு, 'கதையா, படமா?' படத்துக்காகப் பேசுவது லேத்துக்காரர். கதைக்காக நைனா. அதோடு விட்டார்களா? லேத்துக்காரர் எங்கெங்கோ விசாரித்து அந்தக் கதையை எழுதியவரையே நடுவராகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மனிதர் ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவராம், பக்கத்தில் திருவேற்காட்டில்தான் குடியிருந்தாராம். இத்தனை வருடம் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டினால் போதும், குட்டு உடைந்துவிடும். நைனா நாற்பது குடும்பத்தின் முன்னால் அசடு வழிந்து நிற்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து அவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்பதுதான் என்னைத் தின்றது.

விழாவன்று சாயங்காலம் வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் போய் நான்தான் ஆசிரியரை வரவேற்றேன். ஒல்லியான ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. நடந்து வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, பெட்டி, பைண்டர், நைனா. "சார், எங்க நைனா முன்னாடி மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினேன்.

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் திட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

"அப்போ உங்க புத்தகத்துல அந்தப் பொண்ணு கடைசியில உயிரோட இருக்காளா?"

"இருக்கா சார்."

"பத்திரிகைய மூடப்போறேன், ரெண்டு வாரத்துல முடிச்சுக் குடுன்னு முதலாளி சொல்லிட்டாரும்மா. வேற வழி தெரியாமக் கொன்னுட்டேன்" என்றார்.

நாலு மேசைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் ஜமுக்காளம் விரித்ததுதான் மேடை. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். லேத்துக்காரர் முதலில் பேசினார். படத்தில் கை போனால் போனதுதான், புத்தகத்தில் போன கை முளைக்கிறது, இப்படி ஓர் அக்கிரமம் உண்டா என்று கேட்டார். ஒட்டகத்தை எடுத்துச் சொல்லிப் பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சலிட்டார்கள். அடுத்து நைனா பேசினார். முன்னால் போவதற்கு மெஷின் எதற்கு என்ற தன் வாதத்தை எடுத்து வைத்தார். கைதட்டல் திருவேற்காடு வரை கேட்டிருக்கும். ஆசிரியர் இருவர் பேச்சையும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய கதையைத் தானே முதல்முறையாகப் படிக்கிறவர்போலப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தார். "படம் எடுத்தவங்க என் கதையை மாத்திட்டாங்க. நான் எழுதினது இந்தப் புத்தகத்துல இருக்கற மாதிரிதான். இதே வரிசையிலதான் எழுதினேன். அவ சாகறதுல ஆரம்பிச்சு, அவ காப்பி கொண்டுவர்றதுல முடிச்சேன். கதைதான் ஜெயிச்சுது" என்றார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. காலனியே எழுந்து கைதட்டியது. நைனா மட்டும் தட்டவில்லை. மேடையில் நடந்துபோய் அவரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"மன்னிச்சுக்கணும். ஐயா பொய் சொல்றாரு."

கைதட்டல் நின்றது.

"இந்த புக்கு தலைகீயா தைச்சிகீது. எனக்கு மொத தபா படிக்கசொல்லவே தெரியும். முப்பது வருசம் மோல்டிங் போட்டவன் நானு, எது மேல எது கீயன்னு தெரியாதா? என் ஊட்டுக்காரம்மா பொட்டில அப்படித்தான் வச்சிருந்தா. என் பொண்ணு அத்த அப்படியே தூக்கிகினு போய் தைச்சிடுச்சு. அதுக்கு இன்னும் விசயம் தெரியாது. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும். அதனால யாரும் அதுகிட்ட சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இவ்வளவையும் அவர் ஒலிபெருக்கியில் சொன்னார். நாற்பது குடும்பமும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு, பார்த்தது தப்பு என்று தோன்றியதோ என்னவோ, ஒருசேரத் திரும்பிக்கொண்டது. நான் ஒன்றும் காதில் விழாதவள்போல ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் வீட்டம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வருசம் கரும்பு நல்ல இனிப்பு இல்ல?" என்றார்.

மேடையில் ஆசிரியர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "தெரிஞ்சும் ஏங்க சரியான வரிசையில பிரிச்சுப் படிக்கல?" என்று கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மைக் நைனாவின் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"கரீட்டான வரிசைல நான் ஒரு தபா பாத்துட்டேன் சார்" என்றார் நைனா. "ஆஸ்பத்திரில."